மஞ்சள் நகலில் இருக்கும் பெயர்கள்

போன வாரம் செந்தூலில் ஒரு கூடைப்பந்து ஆட்டம் முடிந்து, மேசையை மடித்துக்கொண்டிருந்தேன். 19, 20 வயது இருக்கும் ஒரு தம்பி வந்து கேட்டார்: "அங்கிள், ஜோர்டான், கோபி, லெப்ரான் எல்லாரைப் பற்றியும் படித்துவிட்டேன். அவர்கள் அளவுக்குப் பெரிய ஆட்டக்காரர்களாக இருந்தும் யாரும் பேசாதவர்கள் யார்? அவர்களுடைய வாழ்க்கையை எங்கே போய்த் தேடுவது? நம் ஊரில் அப்படி யாராவது உண்டா?"

நின்ற இடத்தில் பதில் சொல்லி முடிக்கிற கேள்வி இல்லை இது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். தம்பி, இதுதான் பதில்.

முதலில் நான் எங்கே உட்கார்ந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில் கிளப் ஆட்டங்கள், பள்ளி ஆட்டங்கள் என்று 27 வருடங்களாக நான் ஸ்கோர் எழுதுகிறவன். ஸ்கோர் ஷீட் ஒரு செட்டில் நான்கு தாள்கள் இருக்கும்: வெள்ளை, நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள். மேல் தாளில் எழுதினால் கீழே மூன்றிலும் பதியும். வெள்ளையும் நீலமும் போட்டியை நடத்துகிறவர்களுக்கு. இளஞ்சிவப்பு ஜெயித்த அணிக்கு. மஞ்சள் தோற்ற அணிக்கு. களத்திலிருந்து போட்ட கூடைக்கு எண்ணின் மேல் ஒரு சாய்கோடு, எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி, தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து போட்ட மூன்று புள்ளிக் கூடை என்றால் போட்டவரின் சட்டை எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். பேனாவை அழுத்திப் பிடித்து எழுதாவிட்டால் கடைசித் தாளான மஞ்சளில் பெயர் சரியாகத் தெரியாது. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லித் தருவதே இதுதான்: அழுத்தி எழுது, மஞ்சளில் தெரிய வேண்டும்.

இத்தனை வருடம் எழுதியதில் எனக்கு விளங்கியது ஒன்று உண்டு. மறக்கப்பட்ட ஆட்டக்காரர்களில் பெரும்பாலானவர்கள் ஆட்டத்தில் குறைந்தவர்கள் இல்லை. அவர்கள் ஆடியதை எழுத வேண்டியவர்கள் எழுதவில்லை, அல்லது எழுதிய ஏட்டை இன்னொருவர் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. அதனால் ஒருவரைத் தேடிப் போகிறவர்கள் அவர் எத்தனை புள்ளி போட்டார் என்று பார்ப்பதற்கு முன்னால், அந்தக் காலத்தில் ஏடு யார் கையில் இருந்தது என்று பார்க்க வேண்டும்.

சின்ன உதாரணம் ஒன்று. அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏ-வில் பந்தைப் பறிப்பதையும் எதிராளியின் ஷாட்டைத் தடுப்பதையும் கணக்கெடுக்கத் தொடங்கியது 1973-74 சீசனில்தான். பில் ரஸ்ஸல் 11 முறை சாம்பியன் பட்டம் வென்று 1969-லேயே ஓய்வு பெற்றுவிட்டார். ஷாட்டைத் தடுப்பதை ஒரு கலையாக்கியவர் அவர். ஆனால் அவர் தடுத்த ஒரு ஷாட்கூட அதிகாரப்பூர்வ ஏட்டில் இல்லை. அவருக்கே இந்த நிலை என்றால் மற்றவர்களை நினைத்துப் பாருங்கள்.

இப்போது லினெட் உட்டார்ட். இவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் இவர் நம் ஊருக்கு வந்து ஆடியவர்.

2024 பிப்ரவரியில் கெய்ட்லின் கிளார்க் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தில் புள்ளிச் சாதனையை முறியடித்தார் என்று எல்லாச் செய்தியிலும் வந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். 15-ஆம் தேதி அவர் தாண்டியது கெல்சி பிளம்மின் 3,527. ஆனால் 1977-லிருந்து 1981 வரை கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆடிய லினெட் உட்டார்ட் அதற்கு 40 வருடங்களுக்கு முன்பே 3,649 புள்ளிகள் போட்டிருந்தார். அப்படியானால் பிளம்மின் எண் எப்படிச் சாதனை ஆனது?

அங்கேதான் ஏட்டின் கதை வருகிறது. அந்தக் காலத்தில் பெண்கள் கல்லூரி விளையாட்டை நடத்தியது ஏஐஏடபிள்யூ என்கிற தனி அமைப்பு. ஆண்களின் போட்டிகளை நடத்திவந்த என்சிஏஏ 1981-82-ல்தான் பெண்களுக்கும் சாம்பியன் போட்டிகளைத் தொடங்கியது. பெரிய அமைப்பு வந்ததும் பழைய அமைப்பு மூடப்பட்டது. அதன் ஏடுகளைப் புதிய அமைப்பு தன் சாதனைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அவ்வளவுதான். ஆடியவர் இருக்கிறார், பார்த்தவர்கள் இருக்கிறார்கள், எண்ணும் இருக்கிறது, பட்டியலில் மட்டும் இல்லை. கிளார்க் 13 நாள் கழித்து 3,649-ஐயும் தாண்டியபோதுதான் உட்டார்ட் என்ற பெயரையே பலர் முதன்முதலாகக் கேட்டார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உட்டார்ட் ஆடிய நாளில் பெண்களுக்கு மூன்று புள்ளிக் கோடு கிடையாது. பந்தும் ஆண்களின் பெரிய பந்துதான். பெண்களுக்கான சிறிய பந்து பின்னால் வந்தது. எண்ணை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது எதுவும் தெரியாது.

அவரையும் தாண்டி இன்னொருவர் இருக்கிறார். தென் கரோலினாவில் ஃபிரான்சிஸ் மேரியன் என்ற சிறிய கல்லூரியில் ஆடிய பேர்ல் மூர். 1975-லிருந்து 1979-க்குள் 4,061 புள்ளிகள். கிளார்க் கல்லூரியை விட்டுப் போகும்போது அவர் கணக்கு 3,951. பேர்ல் மூரின் எண் இன்னும் அப்படியே நிற்கிறது. சாதனையாளர்களைக் கௌரவிக்கும் கூடைப்பந்தின் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்க்க 2021 வரை ஆனது. சிறிய கல்லூரி, பெண்கள் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் அதிகம் காட்டாத காலம், அதிலும் கறுப்பினப் பெண். ஒருவரை மறப்பதற்கு இதில் ஒரு காரணமே போதும். அவருக்கு மூன்றும் சேர்ந்திருந்தது.

உட்டார்டின் மீதிக் கதைக்கு வருகிறேன். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணிக்கு அவர் கேப்டன். அதற்குப் பிறகு ஆட இடமில்லை. அமெரிக்காவில் பெண்களுக்கு நிலையான தொழில்முறை லீக் அப்போது கிடையாது. 1985-ல், ஊர் ஊராகப் போய்க் காட்சி ஆட்டம் ஆடும் ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் அணியில் சேர்ந்த முதல் பெண் ஆனார். பிறகு இத்தாலி, ஜப்பான் என்று போய் ஆடினார். பெண்களுக்கான தொழில்முறை லீக்கான டபிள்யூஎன்பிஏ தொடங்கிய 1997-ல் அவர் 38 வயதை எட்டிக்கொண்டிருந்தார். அந்த வயதிலும் கிளீவ்லண்ட் அணியில் இறங்கினார். இடையில் வால் ஸ்ட்ரீட்டில் பங்குத் தரகராகவும் வேலை பார்த்திருக்கிறார். உலகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரிகளில் ஒருவருக்கு ஆட்டத்தால் மட்டும் வாழ முடியவில்லை.

1990 ஜூலையில் பெண்கள் கூடைப்பந்து உலகப் போட்டி நடந்தது மலேசியாவில். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் நம்ப மறுக்கிறார்கள். இறுதி ஆட்டத்தில் அமெரிக்கா யுகோஸ்லாவியாவை 88-78 என்று ஜெயித்தது. அந்த அமெரிக்க அணியில் உட்டார்ட் இருந்தார். தெரசா எட்வர்ட்ஸ் இருந்தார். பின்னால் டபிள்யூஎன்பிஏ-வின் முதல் நான்கு பட்டங்களையும் வென்ற சிந்தியா கூப்பர் இருந்தார். பிரேசிலுக்காக ஓர்டென்சியா ஆடினார். இவர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் நம் ஊரில் இருந்திருக்கிறார்கள்.

எனக்கு அப்போது 19 வயது. தினமும் சாயங்காலம் பந்து போடுகிறவன். ஆனால் நான் போகவில்லை. இத்தாலியில் கால்பந்து உலகக் கிண்ணம் அப்போதுதான் முடிந்திருந்தது, பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் போயிருக்கலாம். ஒரு ஆட்டமாவது பார்த்திருக்கலாமே என்று இன்றைக்கும் நினைத்து வருந்துகிறேன். தம்பி, உங்கள் ஊருக்கு யாராவது வந்தால் போய்ப் பாருங்கள். பெயர் தெரியாதவராக இருந்தாலும் போய்ப் பாருங்கள்.

அடுத்து, ஏட்டில் வெறும் மூன்று ஆட்டம் என்று இருக்கும் ஒருவர். வாட்டரு மிசாகா. பெற்றோர் ஜப்பானியர், பிறந்தது 1923-ல் யூட்டா மாநிலத்தின் ஆக்டன் நகரில். உயரம் ஐந்தடி ஏழு அங்குலம், நம் வீட்டுப் பிள்ளைகள் உயரம்தான். 1944-ல் யூட்டா பல்கலைக்கழகம் என்சிஏஏ பட்டம் வென்றது. டார்ட்மத் அணியோடு கூடுதல் நேரம் வரை போய் 42-40. மிசாகா அந்த அணியில் ஆடினார். அதே நாட்களில் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்கள் லட்சத்துக்கும் மேற்பட்டோர் முள்வேலி முகாம்களில் அடைபட்டிருந்தார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும். பட்டம் வென்று ஊர் திரும்பியவரை ராணுவம் அழைத்துக்கொண்டது. போர் முடிந்ததும் ஜப்பானுக்கு அனுப்பப்பட்டார். குண்டு விழுந்த ஹிரோஷிமாவில் உயிர் தப்பியவர்களிடம் பேசிப் பதிவு செய்வது அவர் வேலை. அவருடைய பெற்றோரின் மொழியில், அவருடைய நாடு போட்ட குண்டைப் பற்றி.

திரும்பி வந்து 1947-ல் மறுபடியும் யூட்டாவுக்கு ஆடினார். நியூயார்க்கில் நடந்த என்ஐடி என்ற கல்லூரிப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் கென்டக்கியை 49-45 என்று வீழ்த்தினார்கள். கென்டக்கியின் நட்சத்திரம் ரால்ஃப் பியர்டை ஒரே ஒரு புள்ளியோடு கட்டிப்போட்டவர் மிசாகா. அதைப் பார்த்துத்தான் தொழில்முறை அணியான நியூயார்க் நிக்ஸ் அவரை எடுத்தது. மூன்று ஆட்டம், ஏழு புள்ளி, பிறகு வெளியே அனுப்பிவிட்டார்கள். இன்றைய என்பிஏ-வாக வளர்ந்த அந்த லீக்கில் வெள்ளையர் அல்லாத முதல் ஆட்டக்காரர் அவர்தான். குளோப்டிராட்டர்ஸ் கூப்பிட்டும் போகாமல், ஊருக்குத் திரும்பிப் படிப்பை முடித்து, மின்பொறியாளராக வேலை பார்த்தார். 2019-ல் காலமானபோது வயது 95. ஏழு புள்ளி என்று ஏட்டில் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினால் இவ்வளவும் கைவிட்டுப் போகும்.

கானி ஹாக்கின்ஸ் கதை வேறு விதம். 1961-ல் கல்லூரி ஆட்டங்களில் நடந்த சூதாட்ட ஊழலில் அவர் பெயர் அடிபட்டது. வழக்கு எதுவும் போடவில்லை, குற்றம் எதுவும் நிரூபணமாகவில்லை. ஆனாலும் கல்லூரியும் அனுப்பிவிட்டது, என்பிஏ-வும் கதவைச் சாத்திவிட்டது. போட்டி லீக்கான ஏபிஏ 1967-68-ல் தொடங்கியபோது அதன் முதல் பட்டத்தையும் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் வென்றார். வழக்குப் போட்டு, 1969-ல் சமரசமாகி, ஃபீனிக்ஸ் அணிக்கு வரும்போது வயது 27. முழங்கால் நன்றாக இருந்த வருடங்கள் போய்விட்டிருந்தன.

இனி மாரிஸ் ஸ்டோக்ஸ். இவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

1955-ல் என்பிஏ-வின் ராயல்ஸ் அணிக்கு வந்தார். உடம்பு மலை மாதிரி, ஆனால் பந்தைக் கையாள்வது சின்ன ஆள் மாதிரி. கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடித்த கையோடு (அதுதான் ரீபவுண்டு) தானே பந்தைத் தட்டிக்கொண்டு முன்னால் ஓடி, ஆளைப் பார்த்துக் கொடுப்பார். இன்றைக்குப் பெரிய ஆட்டக்காரர்கள் செய்தால் கைதட்டுகிறோமே, அதை அவர் அன்றே செய்தார். முதல் வருடமே சிறந்த புதுமுகம். இரண்டாவது வருடம் 1,256 ரீபவுண்டு, அது அன்றைக்கு லீக் சாதனை. ஆடிய மூன்று சீசன்களின் சராசரி: ஆட்டத்துக்கு 16.4 புள்ளி, 17.3 ரீபவுண்டு, 5.3 அசிஸ்ட், அதாவது அடுத்தவர் கூடை போடக் கொடுத்த பாஸ்.

1958 மார்ச் 12. சீசனின் கடைசி ஆட்டம், மினியாபொலிஸில். கூடையை நோக்கிப் போகும்போது விழுந்து தலை தரையில் மோதியது. நினைவு தப்பியது. முகர்வதற்கு உப்பு கொடுத்து எழுப்பினார்கள், அவரும் எழுந்து மறுபடி ஆடினார். மூன்று நாள் கழித்து டெட்ராய்ட்டில் ப்ளே-ஆஃப் ஆட்டத்திலும் ஆடினார், 12 புள்ளி, 15 ரீபவுண்டு. திரும்பும் விமானத்தில் வலிப்பு வந்தது, நினைவு போனது. பிறகு கண் விழித்தபோது மூளை விழிப்பாக இருந்தது, உடம்பு அசையவில்லை. வயது 24.

அன்றைக்கு லீக்கில் மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் எதுவும் கிடையாது. மருத்துவச் செலவு மலையாகக் குவிந்தது. அந்த நேரத்தில் அவருடைய சட்டபூர்வ காப்பாளராகப் பொறுப்பேற்றவர் அதே அணியில் ஆடிய ஜாக் ட்வைமன். அவருக்கு வயது 23. ட்வைமன் வெள்ளையர், ஸ்டோக்ஸ் கறுப்பர், காலம் 1958. சொந்தம் இல்லை, பந்தம் இல்லை. அதே ஊரில் வசித்தார், சேர்ந்து ஆடியவர், அவ்வளவுதான்.

பேச முடியாத ஸ்டோக்ஸிடம் ட்வைமன் பேசிய விதம் இது: படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லுவார். சரியான எழுத்து வரும்போது ஸ்டோக்ஸ் கண்ணைச் சிமிட்டுவார். ட்வைமன் அதை மனத்தில் வைத்துக்கொண்டு மறுபடி முதல் எழுத்திலிருந்து தொடங்குவார். ஒரு சொல்லுக்கு எத்தனை தடவை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஸ்டோக்ஸ் 1970 ஏப்ரலில் 36 வயதில் இறக்கும் வரை ட்வைமன் கூடவே நின்றார். வேலைக் காயத்துக்கான இழப்பீடு வாங்கித் தந்தார். செலவுக்குப் பணம் சேர்க்க, கோடைக்காலத்தில் நியூயார்க் மாநில மலைப்பகுதி விடுதி ஒன்றில் ஆண்டுதோறும் நன்கொடை ஆட்டம் நடந்தது. வில்ட் சேம்பர்லின் போன்றவர்கள் வந்து ஆடினார்கள். இடையே ட்வைமனும் சாதாரண ஆட்டக்காரராக இருக்கவில்லை. 1959-60-ல் அவருடைய சராசரி ஆட்டத்துக்கு 31 புள்ளிக்கு மேல்.

ட்வைமன் 1983-ல் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். ஸ்டோக்ஸ் போக 2004 ஆனது. மூன்றே சீசன்தானே என்று தள்ளிக்கொண்டே வந்தார்கள். கடைசியில் ஸ்டோக்ஸுக்காக மேடை ஏறி அந்த மரியாதையைப் பெற்றுக்கொண்டவரும் ட்வைமன்தான். அதே 2004-ல் அதே மேடையில் சேர்க்கப்பட்ட இன்னொருவர் லினெட் உட்டார்ட். இந்த இரண்டு பெயரும் ஒரே வருடத்தில் வந்ததை நான் கவனித்தது வெகு நாள் கழித்துத்தான். கவனித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, அமெரிக்காவை விட்டு நம் பக்கம் வருவோம். ஆசியாவில் பெரிய ஆட்டக்காரர்களே இல்லை என்று நினைக்கிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். 1954-ல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த உலகப் போட்டியில் பிலிப்பைன்ஸ் வெண்கலம் வாங்கியது. ஆசிய ஆண்கள் அணி எதுவும் அதற்கு மேல் போனதில்லை. அந்த அணியின் கார்லோஸ் லோய்சாகா போட்டியின் சிறந்த ஐவரில் ஒருவர். 2016-ல் இறந்தார், உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபீபாவின் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தது 2023-ல். தென்கொரியாவின் ஷின் டாங்-பா 1969-ல் பேங்காக்கில் அதே பிலிப்பைன்ஸுக்கு எதிராக 50 புள்ளி போட்டார், மூன்று புள்ளிக் கோடு இல்லாத காலத்தில். தோற்ற பிலிப்பைன்ஸ் மக்களே அவரைக் கொண்டாடினார்கள்.

கோலாலம்பூர் ஆசியக் கூடைப்பந்துச் சாம்பியன் போட்டியை 1965, 1977, 1985 என்று மூன்று முறை நடத்தியிருக்கிறது. இந்தியா அந்தப் போட்டியில் முதன்முதலாக ஆடியது 1965-ல், இந்த ஊரில். குஷி ராம் என்கிற பெயரைத் தேடுங்கள். 1967-ல் அர்ஜுனா விருது பெற்றவர், அந்தக் கால இந்தியக் கூடைப்பந்தின் முகம். தமிழ்நாட்டிலிருந்து தேடினால் அனிதா பால்துரை. 19 வயதில் இந்திய அணிக்குக் கேப்டன், குழந்தை பெற்ற பிறகும் திரும்பி வந்து நாட்டுக்காக ஆடியவர், 2021-ல் பத்மஸ்ரீ. அவரைப் பற்றித் தமிழில் நாம் எழுதியிருப்பது மிகக் குறைவு. அது எனக்கு மனத்தாங்கலாகவே இருக்கிறது.

1985 கடைசியில் இங்கே தொடங்கிய ஆசியப் போட்டியில் பிலிப்பைன்ஸ் பட்டம் வென்றது. ஆலன் காயிடிக், சாம்பாய் லிம் இருவரும் அந்த அணியில் இருந்தார்கள். அந்த வெற்றியால் 1986 உலகப் போட்டிக்குத் தகுதி பெற்றார்கள். ஆனால் பிப்ரவரியில் அவர்கள் நாட்டில் ஆட்சி மாறியது, அந்த அணி ஸ்பெயினுக்குப் போகவே இல்லை. சாம்பாய் லிம் 2014-ல் ஒரு காட்சி ஆட்டத்துக்குப் பிறகு மயங்கி விழுந்தார், அதற்குப் பிறகு பழைய நிலைக்குத் திரும்பவில்லை, 2023 டிசம்பரில் காலமானார். ஸ்டோக்ஸைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இவர் ஞாபகம் வரும்.

அப்புறம் நம் அணி. தென்கிழக்காசிய நாடுகளின் சீ விளையாட்டில் ஆண்கள் கூடைப்பந்துத் தங்கம் பிலிப்பைன்ஸின் கையை விட்டுப் போனது மிகச் சில தடவை. அதில் இரண்டு தடவை பறித்தது மலேசியா: 1979-ல் ஜகார்த்தாவில், 1989-ல் நம் கோலாலம்பூரில். 1989 அணியின் ஐந்து பேரைச் சொல்லுங்கள் என்று கோர்ட்டில் யாரைக் கேட்டாலும் மௌனம்தான். கால்பந்து வீரர்கள் என்றால் மொக்தார் டஹாரி, ஆறுமுகம், சோ சின் ஆன் என்று வரிசையாக வரும்.

தமிழர்கள் இந்த ஆட்டத்தில் குறைவாக இருப்பதற்குக் காரணம் எளிது. சீனப் பள்ளிகளில் சபை கூடும் இடமே சிமென்ட் கோர்ட்டாக, இரண்டு பக்கமும் கூடையோடு இருக்கும். தமிழ்ப்பள்ளிகளில் திடல் இருந்தால் கால்பந்து, பெண்களுக்கு வலைப்பந்து. கூடை இல்லாத இடத்தில் பந்தை எங்கே போடுவது? அதையும் மீறி வந்தவர்கள் உண்டு. மலேசியத் தொழில்முறை அணியான டிராகன்ஸிலும் தேசிய அணியிலும் ஆடிய குகனேஸ்வரன் பத்துமலையை உங்களுக்கே தெரிந்திருக்கும். அவருக்கு முன்னால் வந்தவர்களை யார் தேடுவது என்பதுதான் கேள்வி.

எங்கே தேடுவது என்று கேட்டீர்கள். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. மலாயாக் காலத்து ஆட்டங்களின் செய்தியும் அதில் கிடைக்கும், தமிழ் முரசும் கிடைக்கும். ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் நம் தேசிய நூலகத்துக்கு நேரில் போங்கள். பெயரைப் போட்டுத் தேடுவதைவிட, போட்டி நடந்த தேதியைப் பிடித்துக்கொண்டு, அதற்கு முந்தைய நாளும் மறுநாளும் விளையாட்டுப் பக்கத்தைப் படிப்பது நல்லது. நம் பெயர்களை ஆங்கிலத்தில் அவரவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள், பெயரைத் தட்டச்சு செய்தால் மாட்டாது. ஜெயித்த அணியின் செய்தியில் தோற்ற அணியின் அதிகப் புள்ளிக்காரர் ஒரு வரியில் வருவார். அந்த வரியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆட்களிடம் போங்கள். ஜாலான் ஹங் ஜெபாட்டில் இருக்கும், மலேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் மாபா அரங்கத்தில் ஆட்டம் நடக்கும்போது, மேல் வரிசையில் தனியாக உட்கார்ந்திருக்கும் வயதானவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். கேட்டால் சொல்லுவார்கள்.

எனக்கு ஒரு தடவை அப்படிக் கிடைத்தது. ஒரு சீனக் கோச், என்னைவிட 20 வயது மூத்தவர். கிளப்பை மூடும்போது ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து கொடுத்தார். திறந்தால் முழுக்க மஞ்சள் தாள்கள். அவர் அணி தோற்ற ஆட்டங்களின் நகல்கள். ஜெயித்த தாள்களைக் கிளப் சுவரில் மாட்டினார்கள், கிளப்போடு அவையும் போய்விட்டன. தோற்றவை மட்டும் அவர் வீட்டில் தப்பித்துக் கிடந்தன.

அதில் 1991-ஆம் வருடத் தாள் ஒன்றில் ஒன்பதாம் எண் 34 புள்ளி. பெயர் தமிழ்ப் பெயர், எழுத்து தாறுமாறு. மங்கிப்போன கார்பன் எழுத்தில் அதைக் கூட்டிப் படிக்கவே எனக்கு ஒரு சாயங்காலம் ஆனது. கோச்சுக்கு ஆள் ஞாபகம் இருந்தது, பத்துமலைப் பக்கம் வீடு என்றார். மூன்று மாதம் விசாரித்துக் கண்டுபிடித்தேன். பள்ளி வேன் ஓட்டுகிறார், 60-ஐத் தாண்டிய அண்ணன். வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து, உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்துவந்து போட்டுக்கொண்டு, தாளை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு கோடாகப் பார்த்தார். பேசவே இல்லை. பிறகு இரண்டாம் பாதியின் நடுவில் ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"தம்பி, இது மூணு. கால் கோட்டுக்கு வெளியதான் இருந்துச்சு. ரெண்டுன்னு எழுதிட்டாங்க."

30 வருடத்துக்கு மேல் அதை அவர் மனத்தில் வைத்திருந்தார். அந்த ஆட்டத்தில் அவர்கள் தோற்றது ஒரு புள்ளியில்.

நான் தாளில் கை வைக்கவில்லை. ரெஃப்ரி கையெழுத்துப் போட்டு முடித்த தாள் அது, அதில் இனி யாரும் வட்டம் போட முடியாது. வேறொரு வெள்ளைத் தாளில் அவர் பெயரை அவரே சொல்லச் சொல்லிச் சரியாகத் தமிழில் எழுதினேன். அந்தக் கூடையைப் பற்றி அவர் சொன்னதையும், கால் எங்கே இருந்தது என்பதையும் எழுதி, தேதி போட்டு, அவரிடம் கையெழுத்து வாங்கினேன். இரண்டு தாளையும் சேர்த்து டின்னில் வைத்திருக்கிறேன். அதில் இன்னும் 40 தாளுக்கு மேல் பிரித்துப் பார்க்காமல் கிடக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் வாருங்கள் தம்பி, உட்கார்ந்து பார்ப்போம்.